கேட்டது பதினொண்ணு

இல்லைங்க, நீங்க அப்படிச் சட்டுன்னு எந்திரிச்சிருக்கக் கூடாது. ஜன்னல் சீட்டு குடுக்க முடியுமான்னு கேட்டேன். கேட்ட வாயை மூடறதுக்குள்ள நகந்து உக்காந்துட்டீங்க. ஒருக்கா என்னை மேலயும் கீழயும் பார்த்திருக்கணும். எனக்கும் காத்து வேணுமேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். நான் வயசானவனுங்க, பஸ்ஸுல எனக்குக் குமட்டும்னு சொல்லியிருப்பேன். நீங்க, சரி, பெருந்துறை வரைக்கும் நான் உக்காந்துக்கறேன், அக்கட்டால நீங்க உக்காருங்கன்னு இறங்கி வந்திருப்பீங்க. அப்படி வாங்கியிருந்தா அது நான் வாங்குன சீட்டு. இப்ப இது நீங்க பிச்சை போட்ட சீட்டு. உக்காந்தா முள்ளுல உக்காந்தாப்புல இருக்குது.

போகட்டும். கோயமுத்தூருங்களா? நானும் அங்கதான், ஹோப்ஸ்ல எறங்கோணும். பத்தரைக்குள்ள போயிருமுங்களா இந்த வண்டி? மணி இப்ப எட்டு. ரெண்டரை மணி நேரம். போகும், போகும். டிரைவர் கொஞ்சம் மனசு வெச்சா போகும்.

எம் பேரு ராக்கியண்ணன். இதை முதல்லயே சொல்றதுக்குக் காரணம் இருக்குது. நான் இப்பப் போறதே இந்தப் பேருக்காகத்தான்.

பதினாறு வயசுல கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போனவன் நான். தரகு. பள்ளிக்கூடம் எட்டாவதோட போச்சு. பல்லைப் புடிச்சுப் பார்த்து வயசு சொல்லுவேன், சுழியைப் பார்த்துக் குத்தம் சொல்லுவேன், மாட்டைப் பார்க்காம மாட்டுக்காரன் மூஞ்சியப் பார்த்தே அவன் வீட்டுல என்ன அவசரம்னு சொல்லுவேன். அங்க விலையை வாயில பேச மாட்டமுங்க. கையைக் குடுங்க. அட, பயப்படாதீங்க, துண்டைத்தான் போடறேன். இதோ, துண்டுக்கு அடியில உங்க விரலைப் புடிக்கறேன் பாருங்க. ஒரு விரலுன்னா ஒண்ணு. நாலு விரலுன்னா நாலு. உள்ளங்கையில சுரண்டுனா அரை. சுத்தி அம்பது பேரு நின்னு பார்த்தாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. வாய் ஒரு விலை சொல்லிட்டே இருக்கும், விரலு வேற விலை பேசிட்டே இருக்கும். அதுதான் தொழிலு.

வியாபாரம் முடிஞ்சா சீட்டு எழுதுவாங்க. வித்தவன் பேரு இருக்கும், வாங்குனவன் பேரு இருக்கும். மாட்டு நெறம், கொம்பு, பல்லு எத்தனைன்னு கூட எழுதுவாங்க. நடுவுல நின்னு தொண்டை வறண்டு போனவன் பேரு அதுல வராது. இருபது வருசம். எத்தனை ஆயிரம் சீட்டு. மாட்டோட கொம்புக்கு இருந்த மரியாதை எனக்கில்லைங்க.

அக்கட்டால அந்தச் சாணி நாத்தமே வேண்டாம்னு விட்டுப்போட்டு, மின்னணுத் தராசு விக்கப் போனேன். தவிடு, புண்ணாக்கு விக்கற தீவனக் கடைக்கெல்லாம் நான்தான் தராசு குடுத்தேன். கோபியில இருந்து காங்கேயம் வரைக்கும் எந்தக் கடையில பார்த்தாலும் நான் வெச்ச தராசு நிக்கும். அதுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல வேற கம்பெனி பேரு. தராசு கெட்டுப்போனாத்தான் எம் பேரைச் சொல்லித் திட்டுவாங்க.

இப்பச் சங்கதிக்கு வர்றேன். இந்தக் கடையில எல்லாம் பில்லு போட ஒரு சாப்ட்வேர் வெச்சிருக்கறாங்க. கோயமுத்தூர்க் கம்பெனி ஒண்ணு பண்றது. பேரு வேண்டாம், வாயில எடுத்தாலே கசக்குது. அந்தச் சாப்ட்வேருக்குத் தராசோட பேசத் தெரியாது. தராசு அம்பது கிலோன்னு காட்டும், கடைக்காரர் அதைக் கண்ணால பார்த்து, கையால பில்லுல அடிக்கணும். அம்பதை அஞ்சுன்னு அடிப்பாங்க, அஞ்சை அம்பதுன்னு அடிப்பாங்க. நடுவுல ஒரு ஆளு வேணும். இந்தப் பக்கம் தராசு சொல்றதைக் கேட்டு, அந்தப் பக்கம் பில்லுல போய்ச் சொல்லணும். எனக்கு உடனே புரிஞ்சுருச்சுங்க. தரகன். கம்ப்யூட்டருக்குள்ள உக்கார்ற தரகன். அதைத்தான் பிளக்இன்னுங்கறாங்க.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தெரிஞ்ச ஆளை வெச்சுக்கத் தெரியும். கோகிலவாணின்னு குமாரபாளையத்துப் பொண்ணு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். பெங்களூர்ல பெரிய கம்பெனியில இருந்தவ, மாமியாருக்கு முடியலைன்னு ஊருக்கு வந்தவ. வாயே திறக்காது. சம்பளம் பேசறப்பக் கூட நான் ஒரு தொகை சொன்னேன், சரிங்ணான்னுட்டா. எனக்கு அன்னைக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. முதல் விலைக்குத் தலையாட்டறவங்களை நம்பக் கூடாதுங்க. ஒண்ணு ஏமாளியா இருப்பாங்க, இல்லை நமக்குத் தெரியாதது எதையோ தெரிஞ்சு வெச்சிருப்பாங்க.

அந்தத் தரகனைக் கம்பெனிக்காரன் சாப்ட்வேருக்குள்ள விடணும்னா ஒரு சீட்டு எழுதிக் குடுக்கணும். மேனிஃபெஸ்ட்டும்பாங்க. பெரிய வார்த்தையா இருந்தாலும் உள்ள இருக்கறது சின்ன விசயம். உம் பேரு என்ன. உன்னை ஆக்குனவர் யாரு. எத்தனாவது பதிப்பு. உள்ள வந்து எதையெதைத் தொடுவே, எதுக்காகத் தொடுவே. அவ்வளவுதான்.

ஒரு நாளு அவ என்னைக் கூப்பிட்டு ஸ்க்ரீனைக் காட்டுனா. முதல் வரியில 'ராக்கி தராசு'ன்னு இருந்துச்சு. ரெண்டாவது வரி. ஆக்கியவர், ரெண்டு புள்ளி, ராக்கியண்ணன்.

நான் வெளிய போய் ஒரு டீ குடிச்சேனுங்க. அந்த ரூமுக்குள்ள உக்காந்திருக்க முடியல. டீக்கடைக்காரன் என்னங்க கண்ணுல தூசியான்னு கேட்டான். ஆமா போடான்னேன்.

திரும்பி வந்து மிச்சத்தைப் பார்த்தேன் பாருங்க. உரிமைன்னு ஒரு இடம் இருக்குது. எதையெதைத் தொடணும்னு கேக்கற இடம். அதுல ரெண்டே ரெண்டு எழுதியிருக்கறா. தராசு சொல்ற எடையைப் படிக்கணும். அதை பில்லுல ஒரு கட்டத்துல எழுதணும். முடிஞ்சுது. இதுக்கு மூணு நாளு.

ஏனம்மா, சந்தையில கடைசி விலையையே முதல் விலையாச் சொல்றவனை என்னன்னு சொல்லுவாங்க தெரியுமான்னு கேட்டேன். நீ ரெண்டு கேட்டா அவன் ஒண்ணுதான் குடுப்பான். எடையைப் படிக்க விட்டுட்டு எழுத விட மாட்டேம்பான். அப்ப என்ன பண்ணுவே? பதினொண்ணு கேளு. அவன் வெட்டுவான். வெட்டறதுக்கு சதை இருக்கோணும். வெட்டி வெட்டி ரெண்டுல வந்து நிக்கட்டும். அவனுக்கும் வெட்டுன சந்தோசம், நமக்கும் வந்த சந்தோசம்.

அந்தப் பொண்ணு அன்னைக்குத்தான் முதல் தடவையா நாலு வார்த்தை சேர்ந்தாப்புல பேசுச்சு. "அண்ணா, இது பேரமில்லைங்ணா. நம்ம கதவுல நாமளே மாட்டிக்கற போர்டு. கடைக்காரங்க இதைப் படிச்சுட்டுத்தான் உள்ள விடுவாங்க."

போர்டாம். நான் பார்க்காத போர்டா. உக்காந்து நானே சொல்லச் சொல்ல அடிக்க வெச்சேன். பழைய பில்லைப் படிக்க. பழைய பில்லைத் திருத்த. பில்லை அழிக்க. வாடிக்கைக்காரங்க பேரு. அவங்க போன் நம்பரு. சரக்கு இருப்பு. சரக்கு விலை. கடையோட மொத்த வசூல். கம்ப்யூட்டர் கேமரா. கேமரா எதுக்குன்னு எல்லாரும் கேக்கறாங்க. கேமராவை விட்டுக் குடுக்கறதுக்குத்தானுங்க. ஒவ்வொண்ணுக்கும் எதுக்கு வேணும்னு காரணம் எழுதச் சொல்லுது அந்தச் சீட்டு. அவ கையை எடுத்துட்டா. எனக்கு எழுத வரலைங்ணா, நீங்களே சொல்லுங்கன்னா. எல்லாத்துக்கும் 'தொழில் தேவைக்கு'ன்னு போடுன்னேன். போட்டா. போட்டுட்டுக் கையைக் கழுவப் போனாப்புல எந்திரிச்சுப் போனா.

இது பெருந்துறைங்களா? மணி என்னங்க? எட்டே முக்காலா. சரி.

இன்னொண்ணும் இருக்குதுங்க, ஸ்கீமான்னு. அதுவும் ஒரு சீட்டுத்தான். கடைக்காரர் நம்ம பிளக்இன்ல என்னென்ன மாத்திக்கலாம், எந்தக் கட்டத்துல எண்ணு வரும், எத்தனைக்குக் கீழ போகக் கூடாது, எத்தனைக்கு மேல போகக் கூடாதுன்னு முன்கூட்டியே எழுதி வெக்கறது. தீவனக் கடையில முக்கியமானது சாக்கு எடைங்க. மூட்டையைத் தராசுல வெச்சா சாக்கையும் சேர்த்துத்தானே காட்டும், அதைக் கழிக்கணும். இந்தச் சாக்கு விசயத்துல என்னை அடிச்சுக்க ஆளில்லை. கோகிலவாணி நாலு நாளு நோட்டுப் போட்டு எங்கிட்டக் கேட்டுக் கேட்டு எழுதுனா. சணல் சாக்கு எவ்வளவுங்ணா. தொள்ளாயிரம் கிராம். பிளாஸ்டிக் சாக்கு? நூத்தி இருபது. ஐப்பசி மழையில சணல் சாக்கு நனைஞ்சா? ஒண்ணே கால் கிலோ வரைக்கும் போகும், அதுக்கு மேல போனா அவன் வேணும்னே தண்ணியைத் தெளிச்சிருக்கறான்னு அர்த்தம். அவ சிரிச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன். இதெல்லாம் எங்கயும் எழுதி இல்லைங்ணா, உங்களுக்குத்தான் தெரியுதுன்னா. மூணு சாக்குக்கும் மூணு வரிசை போட்டு, ஒவ்வொண்ணுக்கும் கீழ் எல்லை மேல் எல்லை வெச்சு, அழகாத்தான் பண்ணியிருந்தா.

நான் அந்த எல்லையெல்லாம் எடுக்கச் சொன்னேன். ஏன்னு கேளுங்க. கடைக்காரன் ஆளைப் பார்த்துத்தான் சாக்கைக் கழிப்பான். மச்சினன் வந்தா ஒரு கழிவு, மத்தவன் வந்தா ஒரு கழிவு. கட்டம் திறந்து கெடக்கோணும். எவனோ எழுதி வெச்ச எல்லைக்குள்ள கையைக் கட்டிட்டு நிக்கறதுக்கு அவன் என்ன ஜெயில்லயா இருக்கறான்? அவளும் எடுத்துட்டா.

கவுந்தப்பாடியில அங்காத்தாள்னு ஒரு அம்மா, தீவனக் கடைக்காரங்க சங்கத்துக்கு அவங்கதான் தலைவி. பதினாலு கடை அவங்க சொல் கேக்கும். அவங்க கடையிலதான் முதல்ல போட்டுப் பார்த்தோம். போட்டதும் ஸ்க்ரீன்ல வரிசையா வந்து நிக்குது, இந்த பிளக்இன் கீழ்க்கண்டவற்றைக் கேட்கிறதுன்னு. நல்ல தமிழ்ல. பதினொண்ணும். கம்பெனிக்காரன் இப்படித் தமிழ்ல போட்டுக் காட்டுவான்னு நான் கண்டனா? அந்தம்மா கண்ணாடியைப் போட்டுட்டு ஒவ்வொரு வரியா வாய்விட்டுப் படிக்கறாங்க. கடையில ஏழெட்டுப் பேரு நிக்கறாங்க.

"ஏனுங்க ராக்கியண்ணா, என் கடைக்கு வர்றவங்க போன் நம்பரு உங்க தராசுக்கு எதுக்குங்க? தராசு யாருகிட்டப் பேசப் போகுது?"

எல்லாரும் சிரிக்கறாங்க. கேமராவுக்கு வந்தாங்க. தராசுக்குக் கண்ணு எதுக்குங்கன்னாங்க. இன்னும் சிரிக்கறாங்க. அது ஒரு பேச்சுக்குங்க, கம்பெனிக்காரன் வெட்டிருவான்னு நான் சொன்னேன். கம்பெனிக்காரன் வெட்டறது இருக்கட்டும், எங்கிட்ட ஏன் கேட்டீங்கன்னாங்க. பேரம்னா என்னன்னே தெரியாத சனம்.

சரி, சோதனைக்குத்தானேன்னு எப்படியோ சம்மதிக்க வெச்சு உள்ள விட்டாச்சு. அந்தக் கடையில வேலை செய்யற பொம்பளை சாக்கு எடைக் கட்டத்துல தொள்ளாயிரம்னு அடிச்சுருச்சு. கிராம்னு நினைச்சு அடிச்சுது. அது கிலோன்னு எடுத்துக்கிச்சு. எல்லைதான் நான் எடுக்கச் சொல்லிட்டேனே. அறச்சலூர்ல இருந்து ஒரு பால்காரர் வந்து அம்பது கிலோ தவிட்டு மூட்டையை ஏத்தறாரு. பில்லு வருது. மைனஸ் எண்ணூத்தி அம்பது கிலோ. அந்த மனுசன் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கறாரு. "அப்ப நான்தான் உங்களுக்குத் தவிடு கொண்டாந்து கொட்டணுமுங்களா?"

சீ. இன்னைக்கு நினைச்சாலும் வாயெல்லாம் கசக்குது. நான் கோகிலவாணியைத்தான் புடிச்சுக் கத்துனேன். நான் சொன்னாலும் நீ எடுக்கலாமான்னு கேட்டேன். நியாயந்தானுங்களே? படிச்சவ அவளா நானா? அவ அந்த எல்லையைத் திருப்பிப் போட்டுட்டு, அண்ணா, இதை மட்டும் இனி எடுக்க மாட்டேங்ணான்னா. அதுல பாருங்க, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். ஒரு வழியா ஒரு இடத்துல நின்னு பேசக் கத்துக்கிட்டான்னு.

அங்காத்தாள் அம்மா ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டாங்க. கம்பெனிக்காரன் சரி பார்த்து, கம்ப்யூட்டருக்குள்ள அவன் வெச்சிருக்கற பிளக்இன் கடையில தொங்க விடட்டும். தையில பதினாலு கடையும் வாங்கிக்கறோம். அதுவரைக்கும் எங்க கம்ப்யூட்டர்ல இது வேண்டாம்.

சரின்னு கம்பெனிக்கு அனுப்பினோம். பதினொண்ணும் போட்டு. ரெண்டாவது நாளு பதில் வந்துச்சு. 'தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. கோரப்பட்ட உரிமைகளில் ஒன்பதுக்குக் காரணம் பொருந்தவில்லை. திருத்தி அனுப்பவும்.' அவ்வளவுதான். வணக்கம் கூட இல்லை.

நான் என்ன பண்ணுனேன்? இறங்குனேன். கேமராவையும் இன்னொண்ணையும் விட்டுக் குடுத்து ஒன்பதாக்கி அனுப்புனேன். மனுசனா இருந்தா, இவன் ரெண்டு இறங்கியிருக்கறான், நாமும் ரெண்டு ஏறுவோம்னு ஒரு நாலுக்காச்சும் வந்திருக்கணும். பதில் வருது. 'ஏழுக்குக் காரணம் பொருந்தவில்லை.' அதே வார்த்தை. ஒரு புள்ளி மாறல. மறுபடியும் இறங்குனேன், ஏழு. 'ஐந்துக்குக் காரணம் பொருந்தவில்லை.' அஞ்சாக்குனேன். 'மூன்றுக்கு.' கழிச்சுப் பாருங்க நீங்களே. ரெண்டு. எப்பவும் ரெண்டு. நான் மட்டும் மலையில இருந்து உருண்டு வர்றேன், அவன் கல்லு மாதிரி நிக்கறான். இந்த மாதிரி ஒரு அருவருப்பான ஆளை நான் என் சர்வீஸ்ல பார்த்ததில்லை.

ஆளே இல்லைங்ணா, அதை ஒரு புரோகிராம்தான் பார்க்குதுன்னா கோகிலவாணி. அதெப்படிங்க? பதில் எழுதறவன் ஒருத்தன் இருப்பான். அவனுக்குப் பின்னால ஒருத்தன் உக்காந்திருப்பான். எந்தக் கதவுக்குப் பின்னாலயும் ஒருத்தன் உக்காந்துதான் இருப்பான், நாம தட்டற மாதிரி தட்டணும்.

அஞ்சாவது தடவை. அவ சொன்னா, அண்ணா, இந்தத் தடவை ரெண்டு போட்டு அனுப்பிருவோம், அஞ்சு தடவை தப்பாப் போனா கணக்கை ஒரு வருசம் முடக்கிருவாங்கன்னு. விதி அப்படியாம். எழுதியே வெச்சிருக்கறானாம். நான் யோசிச்சேன். ரெண்டுக்கு இறங்குனா என்ன அர்த்தம்? அவன் சொன்னதுதான் ஆச்சுன்னு அர்த்தம். முழுசா இறங்குனவனுக்கு அடுத்த சந்தையில மரியாதை இருக்காதுங்க. மூணு போட்டேன். பில்லை அழிக்கற உரிமை, அது ஒண்ணை மட்டும் கையில வெச்சுக்கிட்டேன். பெருசைக் கடைசியிலதான் விடணும், அது பால பாடம்.

'ஒன்றுக்குக் காரணம் பொருந்தவில்லை. தங்கள் கணக்கு முடக்கப்படுகிறது.'

ஒண்ணுங்க. ஒண்ணே ஒண்ணு. கைக்கு எட்டுனது. அந்த ஒத்தை உரிமைக்காக ஒருத்தன் வியாபாரத்தையே முறிப்பானா? இப்படி ஒரு கேடுகெட்ட கம்பெனி.

அன்னைக்கு அவளைக் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். போ, போய் உன் ரெண்டையே கட்டிக்கிட்டு அழு, உன் பேர்லயே போட்டு அனுப்பிப் பாருன்னேன். கோபத்துல சொன்னது. பேச்சுன்னா நாலு சொல்லு வர்றதுதானே. அவ சரிங்ணான்னுட்டுப் போயிட்டா. பார்த்தீங்களா, மறுபடியும். முதல் வார்த்தைக்கே சரிங்ணா. ஒருக்கா மறுத்திருந்தா நான் விட்டிருப்பனா?

இப்ப பீளமேட்டுல ஒரு ரூம் எடுத்து உக்காந்திருக்கறா. அவ பேர்ல பதிஞ்சு, ரெண்டு உரிமை போட்டு அனுப்புனா. நாப்பது நிமிசத்துல சரின்னு வந்துருச்சாம். நாப்பது நிமிசம். உள்ள யாருக்கோ துண்டு போட்டிருக்கறா. இல்லாட்டி எப்படி வரும்? சொல்லுங்க. நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க.

இது கருமத்தம்பட்டியா? மணி பத்தாயிருச்சா? அவினாசியில அந்த லாரிக்குப் பின்னாலயே ஊர்ந்து கெடுத்தான் இந்த ஆளு.

இதோ, இதைப் படிங்க. இன்னைக்கு விடிகாலையில டீக்கடையில நிக்கறப்ப வந்துச்சு. என் கண்ணுக்குச் சின்ன எழுத்துத் தெரியாது, டீ குடிச்சுட்டிருந்த ஒருத்தர்தான் படிச்சுச் சொன்னாரு. நீங்களும் படிங்க, ஒருத்தர் சொன்னதை மட்டும் நம்பக் கூடாது.

ஆமாங்க. அதேதான். 'அண்ணா, பத்தரைக்கு வெளியிடறேன். ஒருமுறை வெளியானா ஆக்கியவர் பேரை மாத்த முடியாது. சாக்கு விவரமெல்லாம் உங்களுது. உங்க பேரும் போட்டிருக்கறேன். சம்பந்தப்பட்டவங்களே சம்மதம் குடுக்கணும்ங்கறது விதி. கீழ அழுத்துங்ணா.' அதுக்குக் கீழ ஆக்கியவர், கோகிலவாணி, ராக்கியண்ணன். அதுக்குக் கீழ ரெண்டு பட்டன். ஆம். இல்லை.

பார்த்தீங்களா அநியாயத்தை. ரெண்டே ரெண்டு பட்டன். பேசறதுக்கு ஒரு கட்டம் விடலைங்க. இதுதான் அவ புத்தி. ஸ்கீமா எழுதற புத்தி. நீ இதுக்குள்ளதான் பதில் சொல்லணும், இதுக்கு வெளிய உனக்கு வாயில்லைன்னு. பட்டனுக்கு மேல தொட்டுப் பார்த்தேன், கீழ தொட்டுப் பார்த்தேன். ஒண்ணும் எழுத முடியல. போன் பண்ணிப் பேசலாமேங்கறீங்க. முகத்தைப் பார்க்காமப் பேரம் பேசுனா பாதி விலைதான் வரும். அதுக்குத்தான் நேர்ல போறேன். போய் நின்னா எழுந்திருக்கத்தானே வேணும். அண்ணான்னு சொல்லத்தானே வேணும்.

போய் என்ன கேப்பேன்னு சொல்லட்டுமா? முதல்ல, எம் பேரு முதல்ல வரணும். அப்புறம் பிளக்இன் பேரு 'ராக்கி தராசு'ன்னே இருக்கணும், இப்ப 'எடைவரி'ன்னு என்னமோ வெச்சிருக்கறா. எம் போட்டோ. எம் போன் நம்பரு. தொறக்கறப்ப எம் குரல்ல ஒரு வணக்கம். இப்படிப் பதினொண்ணு எழுதி வெச்சிருக்கறேன், சட்டைப் பையில இருக்குது. அவ வெட்டுவா. வெட்டட்டும்.

உங்ககிட்ட மட்டும் சொல்றேன், காதைக் குடுங்க. என் கடைசி விலை, எம் பேரு எங்கயாச்சும் ஒரு மூலையில இருந்தாப் போதும். கடைசியில இருந்தாலும் போதும். கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்துல இருந்தாலும் போதும். பதினாலு கடையிலயும் தொறக்கறப்ப அது இருக்கும் இல்லைங்களா. அங்காத்தாள் அம்மா கண்ணாடி போட்டுட்டு வாய்விட்டுப் படிப்பாங்க. அவ்வளவுதான் எனக்கு வேணும். ஆனா இதை அவகிட்ட முதல்லயே காட்டலாமா? காட்டுனா என்ன ஆகும்?

ரெண்டாவதாப் போட்டிருக்கறாளேங்கறீங்க. தெரியுதுங்க. அது அவ முதல் விலை. முதல்லயே ரெண்டாவது இடம் குடுக்கறான்னா அவ கையில இன்னும் என்னென்ன இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அவளுக்கு அவசரம் போலிருக்குது. இல்லாட்டி இப்படித் தானா வந்து குடுப்பாங்களா யாராச்சும்?

இருங்க, அந்தப் போனைக் குடுங்க. எல்லாரும் எட்டிப் பார்க்கறாங்க. விலை வெளிய தெரியக் கூடாது. துண்டுக்கு அடியில வெச்சுக்கறேன். பழக்கமுங்க. கை துண்டுக்கு அடியில போனாத்தான் எனக்கு மூளையே வேலை செய்யும். இப்ப என் கட்டை விரலு எந்தப் பட்டன் மேல இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுதா? தெரியாது. எனக்கே தெரியாது. அதுதான் அழகு.

ஒருக்கா இப்படித்தாங்க, ஒரு காங்கேயம் காளைக்கு ரெண்டரை மணி நேரம் விரலைப் புடிச்சுட்டு நின்னேன். எதிராளிக்கு வேர்த்து விட்டுச்சு. துண்டு நனைஞ்சு போச்சு. நான் அசையவே இல்லை. கடைசியில அவனே என் விரலை மடக்கி, எடுத்துட்டுப் போடா சாமின்னான். முதல்ல அசையறவன்தான் தோத்தவன். இப்ப அவளும் அங்க போனைப் பார்த்துட்டுத்தான் உக்காந்திருப்பா. பார்க்கட்டும். அண்ணன் ஏன் இன்னும் அழுத்தலைன்னு கொஞ்சம் வேர்க்கட்டும். அப்பத்தான் நான் போய் நிக்கறப்ப,

ஏனுங்க நிக்குது? ஹோப்ஸா? சிக்னலா. சரி, சரி. பத்தரை ஆக இன்னும் எவ்வளவு நேரம் இருக்குது?

என்னது?

பத்தரை தாண்டிருச்சா? எப்பங்க? பேசிட்டே இருந்தனே, ஒரு வார்த்தை சொல்றதில்லையா நீங்க?

இருங்க, துண்டை எடுக்கறேன். ஸ்க்ரீன்ல என்ன இருக்குதுன்னு படிங்க. பட்டன் ரெண்டையும் காணமே. ஒத்தை வரிதான் நிக்குது. படிங்க.

'நேரம் முடிந்தது. பெயர் சேர்க்கப்படவில்லை.'

முடிஞ்சுதுன்னா? முடிஞ்சுதுன்னா என்னங்க அர்த்தம்? சந்தை கலைஞ்ச பின்னாடி காவேரிப் பாலத்துல மாட்டை நிறுத்தி வியாபாரம் முடிச்சவன் நானு. இப்பக் கூப்பிடுவா பாருங்க. அவளே கூப்பிடுவா. என்னங்ணா அழுத்தலையான்னு கேப்பா. அப்ப நான் உடனே எடுக்க மாட்டேன். மூணாவது ரிங்குலதான் எடுப்பேன்.

நீங்க பேசாதீங்க, ரிங்கு கேக்காமப் போயிரும்.

சீ, என்ன வெயில் இந்தப் பக்கம். மூஞ்சியெல்லாம் எரியுது. அதுக்குத்தான் கேட்டதும் குடுத்தீங்களா இந்தச் சீட்டை? இல்லையா. சும்மாதான் குடுத்தீங்களா. வயசான ஆளுன்னா.

ஏனுங்க, ஹோப்ஸ் வர இன்னும் ரெண்டு நிமிசம் இருக்குது. இந்தச் சீட்டைத் திருப்பிக் கேளுங்க. நான் மாட்டேம்பேன். நீங்க மறுபடியும் கேளுங்க. உடனே சரின்னு மட்டும் சொல்லிராதீங்க சாமி. சும்மா, ஒரு பேச்சுக்கு.